அம்மா விரல்களைச் சுட்டுக்கொண்ட மாதம்

எங்கள் வீட்டில் கைரேகை உள்ள ஆள் நான் ஒருத்திதான். அம்மாவுக்கு இல்லை. பிறக்கும்போது இருந்திருக்கும். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் வருஷக்கணக்காகக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்ததில் போய்விட்டது.

அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சூளைக்குப் போகாத பச்சைக் கிண்ணத்தின் விளிம்பில் பிசிறு நிற்கும். அதைக் கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேய்த்து, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, கடைசியில் வெறும் விரல்நுனியை விளிம்பு முழுக்க ஒரு சுற்று ஓட்ட வேண்டும். அந்தக் கடைசிச் சுற்றுக்குக் கையுறை உதவாது. எங்காவது தட்டுகிறதா என்று தோல்தான் சொல்ல வேண்டும். பெரிய ஊர் ஓட்டல்களுக்குப் போகிற சூப்புக் கிண்ணங்கள் அவை. குடிக்கிறவர்களின் உதட்டில் கீறல் விழக்கூடாது. அதற்காக அம்மாவின் பத்து விரல்களும் சோப்புக்கட்டி போல வழவழப்பாகிவிட்டன.

ரேஷன் கடையில் விரல் வைத்தால்தான் அரிசி என்று ஆன நாளிலிருந்து எங்கள் வீட்டு அரிசி என் கட்டைவிரலில் இருந்தது. கார்டில் அம்மாவும் நானும் மட்டும். அப்பா நான் ஆறாவது படிக்கும்போதே சேத்தியாத்தோப்பு ரோட்டில் லாரி மோதிப் போய்விட்டார். கார்டில் பேர் உள்ள யார் விரல் வைத்தாலும் போதும் என்பதால் அரிசி போடும் நாளில் நான் வகுப்புக்கு மட்டம் போட்டு வரிசையில் நிற்பேன். மெஷின் என்னை முதல் தடவையிலேயே ஏற்றுக்கொள்ளும். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. என் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பத்தாவது, பன்னிரண்டாவது, பிறகு பொருளாதாரத்தில் பட்டம் எல்லாம் அரசு உதவியில் படித்தேன். அம்மா ஒருநாளும் என்னை மண்ணைத் தொட விட்டதில்லை. முழுப் பரீட்சை லீவில் தெருப் பிள்ளைகள் பொம்மைக்குச் சாயம் அடிக்கப் பேட்டைக்குப் போவார்கள். ஒரு தடவை நானும் போனேன். அம்மா துடைப்பக் கட்டையால் என்னைப் பேட்டை வாசலிலிருந்து வீடு வரைக்கும் அடித்துக்கொண்டே வந்தாள். முட்டிக்குக் கீழே கோடு கோடாகத் தடித்திருந்தது. அதற்குப் பிறகு நான் போகவில்லை. என் விரல்களில் ரேகை இருப்பதற்கு அந்த அடிதான் காரணம்.

பட்டம் வாங்கிய அடுத்த வருஷம் சென்னைக்கு வெளியே ஒரு கிடங்கில் எனக்கு வேலை கிடைத்தது. போனில் கேட்கிறவர்களுக்கு மளிகைச் சாமான்களை வீட்டுக்கே அனுப்பும் கம்பெனி. சரக்கு வந்ததா, போனதா, தேதி முடிந்ததா என்று பார்க்கும் வேலை. அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். வந்ததும் அரிசிப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

“நான் மாசாமாசம் வந்துட்டுப் போறேம்மா” என்றேன்.

“அரிசிக்காவ பஸ்ஸு ஏறி வருவியா? லீவு குடுப்பானா? புதுசா சேந்தவ மாசாமாசம் ஊருக்குப் போவணும்னு நின்னா, அங்கயே இருந்துக்கம்மான்னுடுவான்.”

“வெளிய வாங்கிக்கலாம்.”

“வாங்காத கார்ட வெட்டிடுவாங்களாம். வெட்டுனா அரிசி மட்டுமா போவும்? எல்லாத்துக்கும் அந்தக் கார்டுதான்.” பிறகு, “நீ போ. நான் பாத்துக்கறேன்” என்றாள்.

எப்படிப் பார்த்துக்கொள்ளப்போகிறாள் என்று நான் கேட்கவில்லை.

நான்கைந்து நாள் கழித்து மதியத்தில், அம்மாவோடு வேலை பார்க்கும் இரண்டு பேர் அவளை ஆட்டோவில் வைத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாக எனக்குப் போன் வந்தது. ஓடினேன். அம்மாவின் கைகள் ஈரச் சாக்கில் சுற்றியிருந்தன. சூளையிலிருந்து தள்ளிய வண்டியில் இருந்த கிண்ணத்தைச் சூடு தெரியாமல் தூக்கிவிட்டாள் என்றார்கள். நர்ஸ் சாக்கைப் பிரித்தார். பத்து விரல் நுனிகளும் வெந்து வெளுத்து உப்பியிருந்தன. சிலவற்றில் தோல் தனியாகத் தொங்கியது. அம்மா கத்தவில்லை. காலை மட்டும் தரையில் உதைத்துக்கொண்டே இருந்தாள். செருப்பு கழன்று பெஞ்சுக்கு அடியில் போனது.

நான் அவள் உள்ளங்கையைப் பார்த்தேன். அங்கே ஒன்றுமில்லை. கிண்ணத்தைத் தூக்குகிறவள் கையால் அணைத்துத்தான் தூக்குவாள். நுனியை மட்டும் வைத்து யாரும் தூக்குவதில்லை. அதுவும் பத்து விரலும் ஒன்றுபோல வேகாது.

வீட்டுக்கு வந்து சோறு பிசைந்து ஊட்டும்போது கேட்டேன்.

“வேணும்னே வெச்சியா?”

அவள் வாயிலிருந்ததை மென்று முழுங்கினாள்.

“போன வருஷம் முழங்கையில சுட்டுக்கிட்டனே, ஆறி வந்தப்ப பாத்தியா? பச்சப் புள்ளத் தோலு மாதிரி, மெல்லிசா கோடு கோடா.”

“அது முழங்கைம்மா.”

“தோலு தோலுதான்டி. பழசு உரிஞ்சா புதுசு வரும்ல? கிண்ணம் கோணலா வந்தா ஒடச்சு, கரைச்சு, மறுபடி ஊத்துறோம். ரெண்டாவது தடவ சரியா வருது.”

“நீ கிண்ணமா?”

“நீ போறதுக்குள்ள ஆறிடும்னுதான் இப்பவே வெச்சேன்.”

நான் தட்டைச் சுவரில் எறிந்தேன். சோறும் ரசமும் சுவரில் வழிந்தன. எனக்கு அவளை அடிக்க வேண்டும் போல இருந்தது. தோளைப் பிடித்து உலுக்கினேன். கட்டுப் போட்ட கைகளை மேலே தூக்கிக்கொண்டு அவள் ஆடினாள்.

“அடிக்கணும்னா என்ன அடி. சோத்த ஏன்டி எறியற? அள்ளு” என்றாள்.

அள்ளினேன். சுவரில் ஒட்டியதை விட்டுவிட்டு மற்றதைத் தட்டில் போட்டேன். அவள் அதையே ஊட்டச் சொன்னாள்.

அரிசி போடும் நாளில் சில விரல்கள் ஆறியிருந்தன. மற்றவை ஆறவில்லை. நான் என் விரலை வைக்கத்தான் கிளம்பினேன். அம்மா தானும் வருவேன் என்று நின்றாள். புதுத் தோலைப் பரீட்சை பார்க்க வேண்டும் அவளுக்கு.

வழியில் நெல் கொள்முதல் செய்யும் களம். அதற்கு முந்தைய வாரம் பருவம் தப்பிய மழை. களத்தில் கொட்டியிருந்த குவியல்களுக்கு மேல் தார்ப்பாய் போதவில்லை. நெல் முளைவிட்டுப் பச்சையாக நின்றது. புளித்த வாடை ரோடு வரைக்கும் அடித்தது. கம்மாபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயி மண்வெட்டியை ஓங்கித் தன் குவியலையே வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டி வெட்டி நெல்லை நாலாபக்கமும் வீசினார். வாங்க மாட்டோம் என்று சொல்லியிருப்பார்கள். வாட்ச்மேன் அவர் இடுப்பைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார். இருவரும் நெல்லிலேயே விழுந்து புரண்டார்கள். யாரும் விலக்கிவிடவில்லை. நாங்களும் நிற்கவில்லை.

கல்லூரியில் உணவுப் பற்றாக்குறை பற்றி ஒரு பாடம் இருந்தது. விளைச்சல் போதாததால் பசி என்று எழுதி நான் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்தக் களத்திலிருந்து ரேஷன் கடைக்குப் பத்து நிமிஷ நடைதான். நடுவில் எங்கும் அரிசி இல்லாமல் இல்லை. கப்பல் ஏறி அடுத்த கண்டத்துக்குப் போகிற அளவுக்கு இருக்கிறது. என் அம்மாவின் பைக்கு வருவதற்கு மட்டும் வழி இல்லை.

வரிசையில் முன்னால் நின்ற பெண்களில் பாதிப் பேர் பேட்டைக்காரர்கள். அம்மாவின் கையில் தடவியிருந்த சிவப்பு மருந்தைப் பார்த்து ஒருத்தி சிரித்தாள்.

“என்னாக்கா, மருதாணியெல்லாம் வெச்சிருக்க? பொண்ணுக்கா, ஒனக்கா கல்யாணம்?”

“ஒங்க அண்ணனத்தான் கட்டிக்கப்போறேன். சீரு அரிசியா குடுத்துடு” என்றாள் அம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் முறை வந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்ததும் மெஷினை என் பக்கம் திருப்பினார். அம்மா குறுக்கே கை நீட்டினாள்.

“இல்ல தம்பி. என்னுது பாரு.”

“ஏம்மா, பொண்ணுதான் வந்திருக்குதே.”

“அது சென்னைக்குப் போவுது. இனிமே நான்தான். புதுக்கை. வெச்சுப் பாரு.”

அவர் சலிப்போடு மெஷினை நீட்டினார். அம்மா வலது கட்டைவிரலை வைத்தாள். ரேகை விழவில்லை. அடுத்த விரல். விழவில்லை. மெஷின் ஒவ்வொரு தடவையும் கீச்சென்று கத்தியது. பின்னாலிருந்து யாரோ, “அமுத்தி வைக்கா” என்றார்கள். அம்மா அமுக்கினாள். ஆறாத விரல் ஒன்றில் இருந்த கொப்புளம் உடைந்து கண்ணாடியில் நீரும் ரத்தமுமாக வழிந்தது.

“சீ! மெஷின நாறடிக்காத” என்று சொல்லி அவர் அவள் கையைத் தட்டிவிட்டார். தட்டிவிட்டார் என்றால் மெதுவாக இல்லை. வெந்த நுனிகளில் சப்பென்று விழுந்த அடி. அம்மாவின் வாயிலிருந்து வந்த சத்தம் நான் அதுவரை கேட்காதது. ஆஸ்பத்திரியில்கூட அவள் அப்படிக் கத்தவில்லை.

அரிசி அள்ளும் தகர முறம் மூட்டைமேல் கிடந்தது. எடுத்து அவன் முகத்தில் அடித்தேன். விளிம்பு மூக்கில் பட்டது. ரத்தம் உடனே கொட்டவில்லை. அவன் மூக்கைத் தொட்டுக் கையைப் பார்த்த பிறகுதான் கொட்டியது. நான் மறுபடி அடித்தேன். எடை போடுகிற ஆள் பின்னால் வந்து என் முடியைப் பிடித்துத் தராசின்மேல் என் தலையை மோதினான். கண்ணில் பொறி பறந்தது. அம்மாவால் கையை உபயோகிக்க முடியாது. அவள் அவன் முன்கையைப் பல்லால் கவ்வினாள். அவன் கதறினான். விடவில்லை. அவன் அவள் முதுகில் குத்தினான். அப்போதும் விடவில்லை. மருதாணி என்று கிண்டல் செய்தவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சட்டை கிழிந்தது. ஒரு மூட்டை சரிந்து எல்லோர் காலிலும் அரிசி கொட்டியது. அதில் வழுக்கி நானும் கடைக்காரனும் சேர்ந்து விழுந்தோம். அவன் மூக்கு ரத்தம் என் துப்பட்டாவிலும் அரிசியிலும் சொட்டிக்கொண்டிருந்தது.

போலீஸ் வந்துதான் பிரித்தார்கள்.

ஸ்டேஷனில் ஒரு பெண் காவலர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“படிச்ச பொண்ணுதான நீ? ரவுடி மாதிரி அடிச்சிருக்க.”

“படிச்சதாலதான் மூக்கோட நின்னுது, மேடம்.”

“வாய மூடு.”

நான் மூடினேன். ஆனால் தலை குனியவில்லை. நெற்றி புடைத்து ஒரு கண் பாதி மூடியிருந்தது. மற்ற கண்ணால் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா சொன்னதை எழுதி முடித்து அவளிடம் கைநாட்டு கேட்டார்கள். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பேனாவை அன்று பிடிக்க முடியவில்லை. கொஞ்சம் ஆறியிருந்த இடது கட்டைவிரலை மையில் தொட்டு வைத்தாள். காகிதத்தில் ஒரு கறுப்புப் பொட்டு விழுந்தது. பெண் காவலர், “மை அதிகமாயிட்டுது” என்று துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னார். மறுபடி அதே பொட்டு.

“என்னாம்மா இது? மொழுக்குன்னு இருக்குது.”

மூக்கில் பஞ்சோடு எதிரே உட்கார்ந்திருந்த கடைக்காரர் மூக்கடைத்த குரலில் சொன்னார்: “அதத்தான் மேடம் மெஷினும் சொல்லுது.”

பக்கத்து மேசையில் இருந்த இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காகிதத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததும் அடங்கியது.

“அப்ப இந்தம்மாவுக்கு நீ எப்படித்தான்யா அரிசி போடுவ?”

“மெஷினு ஒத்துக்கிட்டாத்தான் சார் பில்லு வரும். பில்லு இல்லாம மூட்ட கொறஞ்சா என் சம்பளத்துல புடிப்பாங்க. எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குது. மேல எழுதிப் போட்டேன், பதிலு வரல. இவங்க எல்லாம் என்னத்தான் கொலகாரன் மாதிரி பாக்குறாங்க.”

அது உண்மை என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கு மேலே ஒரு ஆள், அதற்கு மேலே ஒரு ஆள். யார் மூக்கும் எனக்கு எட்டாது. எட்டியது அவர் மூக்கு. அடித்ததற்கு அன்றும் வருந்தவில்லை, இன்றும் வருந்தவில்லை. வெந்த கையில் அடித்தால் அப்படித்தான்.

கேஸ் போட்டால் இரண்டு பக்கமும் போடுவேன் என்றார் இன்ஸ்பெக்டர். வெந்த கைக்கான ஆஸ்பத்திரிச் சீட்டு எங்களிடம் இருந்தது. கடைக்காரர் வேண்டாம் என்றார். நாங்களும் வேண்டாம் என்றோம். சாயங்காலம் அதே கடையில் நான் என் விரலை வைத்தேன். முதல் தடவையிலேயே விழுந்தது. அம்மா வெளியே ரோட்டோரம் நின்றாள், பார்க்கவில்லை. எடைக்காரன் கையில் கட்டோடு, கீழே கொட்டியிருந்த அரிசியைப் பெருக்கி அதையே எங்கள் பையில் போட்டான். அங்கங்கே சிவப்பாக இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா உள்ளே வந்து பையைத் தோளால் என்மேல் தள்ளினாள்.

“நட. அரிசிதான.”

திரும்பத் திரும்பக் களைந்து உலையில் போட்டேன். அந்த மாதம் முழுக்க அதைத்தான் சாப்பிட்டோம்.

புதுத் தோல் வந்தது. ரேகை வரவில்லை. இன்னொன்றும் போய்விட்டது. நுனித் தோல் தடித்து உணர்ச்சி மரத்துவிட்டது. அவள் சரிபார்த்து அனுப்பிய கிண்ணங்களில் பிசிறு நின்றது. முதலாளி அவளைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார். வைக்கோல் திணித்து அட்டைப்பெட்டி கட்டும் வேலை, கூலியும் குறைவு. நான் சென்னைக்குப் போகவில்லை என்றேன். அம்மா என் பையை அவளே கட்டி, பல்லால் முடிச்சு இழுத்து, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என்னைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“நீ போவலன்னா நான் எதுக்குடி சுட்டுக்கிட்டேன்?”

பஸ் ஏறினேன்.

கிடங்கில் சேர்ந்த முதல் வாரத்திலேயே தேதி முடிந்த சரக்கை அழிப்பதைக் காட்டினார்கள். எண்ணெய்ப் பாக்கெட், பருப்பு, பிஸ்கட், அழகான பையில் கட்டிய அரிசி. பூச்சி இல்லை, நாற்றம் இல்லை, தேதிதான் முடிந்திருந்தது. பையை நீளவாக்கில் கத்தியால் கிழித்துக் கொட்டி மேலே பினாயில் ஊற்ற வேண்டும். வெளியே குப்பையிலிருந்து யாரும் எடுத்துச் சாப்பிட்டுக் கம்பெனிக்குக் கெட்ட பேர் வந்துவிடக்கூடாதாம். நான் எண்ணிக்கை சரிபார்க்கிறவள், ஊற்ற வேண்டியதில்லை. பக்கத்தில் நின்றவர் ஊற்றினார். யார் ஊற்றினாலும் அரிசிக்கு வித்தியாசம் இல்லை. ரேஷனில் விரல் வைக்க ஆள் இல்லாமல் அந்த மாதம் அம்மா மளிகைக் கடையில் குருணை வாங்கிக் கஞ்சி வைத்தாள். லீவு கேட்டேன், இல்லை என்றார்கள். நான் கிழிபடும் பைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கத்தி பையில் இறங்கும் சத்தம் ராத்திரியும் காதில் இருந்தது.

அடுத்த மாதம் அரிசி போடும் நாளில் அம்மாவிடமிருந்து போன். மூச்சு வாங்கப் பேசினாள். கடைக்குக் கண்ணைக் காட்டும் மெஷின் வந்துவிட்டதாம்.

“என்னாம்மா, விழுந்துச்சா?”

“விழாம? மொறச்சுப் பாத்தேன், குடுத்துட்டான்.”

“அதே ஆளா?”

“அதே ஆளுதான். மூக்கு கொஞ்சம் கோணையாத்தான் இருக்குது. நீ எப்படி இருக்கன்னு கேட்டான்.”

“வூட்டுக்கு வந்துட்டியா?”

“இல்ல, இங்கதான் நிக்கறேன். மருதாணிக்காரி இல்ல? அவளுக்குக் கண்ணுல பொரை விழுந்திருக்குது. அவ கண்ணும் விழல, கையும் விழல. அடுத்த மாசம் வான்னான்.”

“அதுக்கு நீ ஏன் நிக்கற?”

“நான் மட்டுமா நிக்கறேன்? வாங்குனவங்க எல்லாம் பைய வாசப்படியிலயே எறக்கிட்டோம். அவளுக்குப் போடாம ஒருத்தரும் உள்ள வர முடியாது, அவனும் வெளிய போவ முடியாது. எடைக்காரன் மூட்டையத் தள்ள வந்தான். வாயத் தொறந்து பல்லக் காட்டுனேன். பின்னாடியே போயிட்டான்.”

பின்னால் பெண்கள் கூச்சல் போடுவது கேட்டது. இரும்பு ஷட்டரை யாரோ காலால் உதைத்தார்கள்.

“போலீசக் கூப்புடப்போறானாம்” என்றாள் அம்மா. “வரட்டும். வையி, பேச நேரமில்ல.”